சகலனுக்குப் போட்ட சைபர்

ஒன்பதாவது விக்கெட்டும் விழுந்துவிட்டது. இன்னும் நாலு ஓட்டம் எடுத்தால் மருதமுனைக்கு வெற்றி. ஒரு பந்து பிசகினால் பாண்டிருப்புக்கு. நிஸ்தாரின் கேம் சென்டரில் இருந்தவர்கள் எழுந்தார்கள், நின்றவர்கள் நாற்காலியில் ஏறினார்கள். மூலையில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவன்கூடக் காரை மதிலில் சாத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். திரையில் பதினோராவது ஆட்டக்காரன் மட்டையைக் கையில் பிடித்தபடி மைதானத்துக்குள் கால் வைத்தான்.

அவ்வளவுதான். திரை கறுத்தது. அடுத்த கணம் மைதானமுமில்லை, சனமுமில்லை, மருதமுனையுமில்லை. பச்சைப் புல்மேடும் நீல வானமும் அதன்மேல் நாலைந்து ஐகன்களும், ஒன்றுமே நடக்காததுபோல நின்றன.

"இந்தா, விழுந்துட்டு!" என்று தலையில் கைவைத்தான் தினுஜன். பாண்டிருப்பு அணிக்கு அவன்தான் தலைவன்; ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை பொழுதுபோக்க வருகிறவன். "நிஸ்தார் நானா, இந்தக் கேம் ஒரு நல்ல மெச்சயாவது முடிச்சி வெச்சிரிக்கா? வெல்லப் போற நேரம் பாத்துத்தானே ஓடுது!"

"நீ வெல்லப் போனியா? நாலு ரன்தான் எங்களுக்கு!" என்று மருதமுனைப் பொடியன்மார் பாய்ந்தார்கள்.

"கடைசி ஆள் வந்து நாலு அடிப்பானா? அவன்ட மூஞ்சயப் பாத்தா நாலு பந்து நிப்பான் போலயும் இல்ல."

இரண்டு ஊரும் சேர்ந்து நிஸ்தாரைப் பார்த்தன. நிஸ்தார் சீபியூவைப் பார்த்தான். சீபியூ யாரையும் பார்க்கவில்லை.

"கரண்ட் வோல்டேஜ் சரியில்ல," என்றான். அந்த வாரம் அவன் சொன்ன மூன்றாவது காரணம் அது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் போட்டி என்று கல்முனை பசார் முழுக்க நோட்டீஸ் ஒட்டியாயிற்று. கரைவாகுக் கிண்ணம்; கரைவாகு என்பது இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சேர்ந்த பழைய பேர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நற்பிட்டிமுனை, பாண்டிருப்பு எல்லா ஊர் அணிகளும் கொம்பியூட்டருக்குள் மோதும். நாட்டின் முப்பது வருஷச் சண்டை முடிந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. முன்பெல்லாம் ஒரு சீபியூவை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனால் சோதனைச் சாவடிச் சென்றிக்காரனுக்கு அது வெடிக்காத சாமான் என்று விளங்கப்படுத்தவே அரைநாள் போகும். இப்போது பாண்டிருப்பிலிருந்து பொடியன்மார் கூட்டமாகச் சைக்கிள் மிதித்து வந்து பொழுதுபடும்வரை இருந்துவிட்டுப் போகிறார்கள். இப்படியொரு போட்டியை இப்படியொரு காலத்தில் நடத்துகிற பேர் தனக்கே என்று நிஸ்தார் கணக்குப் போட்டிருந்தான். கிண்ணப் போட்டியின் நடுவில் கேம் விழுந்தால் அந்தப் பேரும் கூடவே விழும்.

விழுந்தால் அதைப் பொறுக்கியெடுக்க ஒருவன் ஆயத்தமாக இருந்தான் என்பதுதான் நிஸ்தாரின் வயிற்றெரிச்சல். அவன் நிஸ்தாரின் சகலன்.

*

முதலில் அந்தக் கேமைப் பற்றிச் சொல்லவேண்டும். கொழும்பிலிருந்து கொப்பியடித்து வந்த வெளிநாட்டுக் கிரிக்கெட் கேம் அது. வந்தபோது அதற்குள் உலக அணிகள் இருந்தன. நிஸ்தார் அந்த அணிகளைக் கழற்றிவிட்டுக் கரைவாகை உள்ளே இறக்கினான். ஊர்க் கழகங்களின் ஜேர்சியை அப்படியே வரைந்தான். பொடியன்மாரைக் கடைச் சுவரோரம் நிறுத்திப் படமெடுத்து, வெள்ளைக்காரன் கழுத்துக்கு மேலே அவர்கள் முகத்தை ஒட்டினான். இப்படி மேலதிகமாகச் செருகுவதற்குப் பட்ச் என்று பேர். இன்டர்நெற்றில் அந்த வேலையைப் படித்து, பிழைத்து, மறுபடி படித்துச் செய்ய அவனுக்கு ஒரு வருஷம் போனது. தன் முகம் சிக்ஸர் அடிப்பதைக் காண எந்தப் பொடியன்தான் வரமாட்டான்? கடை நிரம்பியது. கொம்பியூட்டரில் எந்த வருத்தம் என்றாலும் "நிஸ்தார் காக்காட்டக் கொண்டு போ" என்று ஊர் சொன்னது. காக்கா என்றாலும் நானா என்றாலும் அங்கே அண்ணன்தான்.

அந்தச் சொல் மாறத் தொடங்கியது வைகாசியில், சண்டை முடிந்த கையோடு ஹில்மி கட்டாரிலிருந்து வந்து இறங்கியபோது. ஹில்மி மருதமுனைக்காரன். கட்டாரில் ஒரு கொம்பனியில் கொம்பியூட்டர் திருத்துகிற வேலை. வந்தவன் நிஸ்தாரின் மனைவி றாபியாவின் தங்கச்சி சபூறாவைக் கல்யாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்வீட்டுக்கே குடிவந்தான்.

வந்தவன் சும்மா வந்திருக்கலாம். ஊர் வழக்கப்படி பெண்ணோடு வீடும் கேட்டு வந்திருந்தால் நிஸ்தார் அவனை மன்னித்திருப்பான். நிஸ்தாரும் அப்படி வாங்கி வந்தவன்தானே. அந்த வீட்டைப் பிறகு கடல் கொண்டுபோனது வேறு கதை. இப்போது இருப்பது சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனம் கட்டிக் கொடுத்தது. ஹில்மி வீடு வேண்டாம் என்றான். வேண்டாம் என்றதோடு நிற்காமல், கட்டார்க் காசில் அதே வீட்டுக்குமேலே தானே மாடி எடுத்தான். தரைக்கு மாபிள் போட்டான். ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்த ஒருவர் விடாமல் "மாப்பிள எண்டா இவன்தான் மாப்பிள" என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டு செருப்பைத் தேடியவன் நிஸ்தார்.

முன்பு அந்த வீட்டில் மாப்பிள்ளை என்றால் ஒரே ஆள். ஹில்மி வந்த பிறகு மாமி ஆயிஷா உம்மா நிஸ்தாரை "மூத்த மாப்பிள" என்று சொல்ல ஆரம்பித்தாள். கடையில் பழைய சரக்கைத்தான் இப்படித் தனியாக அடையாளம் வைப்பார்கள். சாப்பாட்டிலும் அந்த அடையாளம் தெரிந்தது. கீழே மலிவான சூடைமீன் ஆணம் மணக்கும் நேரத்தில் மாடிக்கு விலைகூடின பாரைக்குட்டிக் கறி ஏறிப்போகும். "புது மாப்பிளதானே" என்பாள் றாபியா. புது மாப்பிள்ளைக்கு ஆறு மாதமாகப் புதுசு கழியவில்லை. இதெல்லாம் போதாதென்று தலைக்குமேலே கதிரை இழுபடும் சத்தம் வேறு. ஹில்மி கதிரையைத் தூக்கி வைக்கிற இனமில்லை, இழுக்கிற இனம். ஒவ்வொரு இழுவையும் நிஸ்தாரின் பல்லில் போய் முடியும்.

இந்த நிலையில்தான் மருதமுனைப் பொடியன்மார் ஹில்மியின் படத்தோடு கடைக்கு வந்தார்கள். "எங்கட ஓப்பினிங் ஆள் வந்துட்டார் காக்கா, ஹில்மி நானாவ டீமுக்குள்ள போடுங்க." மறுக்கக் காரணமில்லை. நிஸ்தார் படத்தை ஒட்டினான். ஆட்டக்காரனின் திறமைக்குப் புள்ளி கொடுக்கிற எடிட்டரைத் திறந்தான். நூறுக்கு எத்தனை என்று கொடுக்கவேண்டும். துடுப்பாட்டத்துக்கு இருபது போட்டான், மனசு ஆறவில்லை. குறைத்துப் பார்த்தான். எடிட்டர் இருபதுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்றது.

நிஸ்தாரின் வாப்பா அபூசாலி, சாரன் துணிப் பொட்டணத்தோடு ஊரூராக இறக்காமம்வரை போய் விற்று வந்தவர். விலை சொல்கிற வாய்க்கும் விலை கேட்கிற காதுக்கும் இடையில் எவ்வளவு இடம் கிடக்கிறது என்று அளந்து வைத்திருந்த மனிதர். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு எந்த எண்ணும் கடைசி எண் இல்லை. எடிட்டரை மூடிவிட்டு, கேமுக்குள் கணக்கு எழுதிக் கிடக்கும் கோப்பையே நேரே திறந்து, புரியாத எழுத்துக் காட்டுக்குள் சகலனின் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, இருபதை அழித்துச் சைபர் போட்டான். பிறகும் ஒரு குறை தெரிந்தது. ஓப்பினிங் ஆளைப் பதினோராம் ஆளாக இறக்கிவிட்டான். பொடியன்மார் கேட்டதற்கு, கேம் தானாகத்தான் வரிசை போடுகிறது என்றான். அன்றைக்குச் சூடைமீன் ஆணம் ருசியாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் கேம் விழத் தொடங்கியது.

*

பதினோராம் ஆள் எல்லா மெச்சிலும் துடுப்பெடுத்தாட வரமாட்டான். அதனால் நாள் முழுக்கக் கேம் ஒழுங்காக ஓடும். எங்காவது ஒரு மெச் இறுகி மருதமுனைக்கு ஒன்பது விக்கெட் போனால் மட்டும் விழும். ஆகவே நிஸ்தாருக்கு அது பிசாசு வேலைபோலத் தெரிந்ததேயொழிய, தன் கைவேலையாகத் தெரியவில்லை. செய்த காரியத்தில் அவனுக்கு அவ்வளவு திருப்தி இருந்தது. திருப்தி இருக்கிற இடத்தில் யாரும் பிழை தேடுவதில்லை.

முதலில் சூடு என்று நினைத்தான். சீபியூவின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை ஃபேனைப் பிடித்து வைத்தான். ஊர்ப் புழுதி முழுக்க உள்ளே போனது, கேம் விழுந்தது. றாம் துண்டைக் கழற்றிப் பொன்னிறப் பல்லை அழிறப்பரால் தேய்த்தான். விழுந்தது. வைரஸ் என்று ஸ்கேன் போட்டான். முப்பது வைரஸ் பிடித்தது, முப்பதும் வேறு விஷயமாக வந்தவை. கேமை மட்டும் ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸை அடியோடு அழித்து மறுபடி போட்டான். அது முடியும்வரை வாடிக்கைக்காரர் தேத்தண்ணிக் கடையில் போய் உட்கார்ந்து, இவன் கதையைத்தான் கதைத்தார்கள்.

பட்சுகளில் சந்தேகம் வந்தது. கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தைப்போல அவன் செய்திருந்த மைதானத்தைக் கழற்றினான். விளம்பரப் பலகைகளைக் கழற்றினான். "அடிச்சான் பாரு" என்று ஊர்த் தமிழில் சொல்லும் வர்ணனைக் குரலைக்கூடக் கழற்றினான். அது அவன் சொந்தக் குரல். கடைசியில் ஊமை மைதானத்தில், பேரில்லாத பலகைகளுக்கு நடுவே, கேம் பழையபடி விழுந்தது.

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே கதை.

"மனே," என்றாள் மாமி, சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துக்கொண்டு, "அந்தப் பொட்டிய ஒருக்காச் சின்ன மாப்பிளைட்டக் காட்டுங்களன். கட்டார்ல பெரிய பெரிய கொம்பனிட எல்லாம் திருத்தின புள்ள."

நிஸ்தாரின் கை சோற்றில் நின்றது. "கட்டார்ல கரண்ட் வேற மாமி. அங்கத்தப் படிப்பு இங்க சரிவராது."

"அப்ப இங்கத்தப் படிப்பு மட்டும் சரிவருதாக்கும்," என்று முணுமுணுத்தாள் றாபியா. "மேல மாடிக்கு ஏறிப்போய் ரெண்டு சொல்லுக் கதைச்சா உங்கட கால் தேஞ்சிருமா?"

"நான் ஏறமாட்டன்."

"ஏன்?"

"மாபிள் வழுக்கும்."

மாமி சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையை வாயில் வைத்தாள். அதே நேரம் தலைக்குமேலே கதிரை இழுபட்டது. நிஸ்தார் கைகழுவப் போய்விட்டான்.

*

பெருநாளுக்கு இன்னும் மூன்று நாள். முற்பகல். கடையில் பாண்டிருப்பும் மருதமுனையும் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தன. கடை வாசலில் ஒரு நிழல் விழுந்தது. கையில் சோற்றுக் கரியரோடு ஹில்மி நின்றான்.

"மாமி தந்து விட்டாங்க காக்கா. நீங்க பகலைக்கு வர மாட்டீங்க எண்டு சொன்னாங்க."

வரமாட்டேன் என்று நிஸ்தார் சொல்லவேயில்லை. மாமி தந்துவிட்டது சோறு அல்ல, ஆள் என்று அவனுக்கு உடனே விளங்கிவிட்டது.

"வெச்சிட்டுப் போங்க தம்பி. வேல கிடக்கும் உங்களுக்கு."

"எனக்கென்ன வேல," என்று ஹில்மி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சீமெந்துத் தரையில் அந்த இழுவை கிறீச்சிட்டது. நிஸ்தார் கண்ணை மூடித் திறந்தான்.

அதே நேரம் பார்த்துக் கேம் விழுந்தது.

"இந்தா! இந்தா! ஹில்மி நானா, பாத்தீங்களா?" என்று தினுஜன் திரும்பினான். "இப்பிடித்தான் நெடுகவும்."

நிஸ்தார் ஸ்குறூ ட்றைவரை எடுத்தான். ஹில்மி எழுந்து கிட்ட வரவில்லை, சீபியூவைத் தொடவுமில்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டான்:

"எப்ப எப்ப விழுது?"

"அது நினச்ச நேரம் விழும்," என்றான் நிஸ்தார்.

"நினைக்க அதுக்கு மண்ட இல்லையே காக்கா. தினுஜன், நீங்க சொல்லுங்க. எந்தெந்த டீமோட விழுது?"

தினுஜன் யோசித்தான். "மருதமுனையோட ஆடக்குள்ளதான். சாய்ந்தமருதோட விழல்ல. நற்பிட்டிமுனையோடயும் விழல்ல."

"மருதமுனையோட எந்த நேரம்?"

"கடைசி விக்கெட் வரக்குள்ள. ஓம் ஓம், கடைசி ஆள் உள்ளுக்குக் கால் வெச்ச உடன!"

"ஆரு அந்தக் கடைசி ஆள்?"

மருதமுனைப் பொடியன்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூலையில் நின்ற ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "நீங்கதான் ஹில்மி நானா."

"நானா?" ஹில்மி நிமிர்ந்தான். "நான் ஓப்பினிங்தானே?"

சூடு, றாம், வைரஸ், வோல்டேஜ், தன் சொந்தக் குரல் என்று நிஸ்தார் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்த எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சைபர் உட்கார்ந்து சிரிப்பதை அந்தக் கணத்தில்தான் கண்டான். ஹில்மி கதிரையை முன்னால் இழுத்து மவுசில் கை வைத்ததையும் கண்டான். இந்தப் பொடியன்மார் முன்னால் அந்தக் கோப்புத் திறந்தால் போட்டியும் போச்சு, பேரும் போச்சு. சாயந்தரத்துக்குள் கதை மருதமுனைக்குப் போய், இரண்டு மடங்காகித் திரும்பி வந்து மாமியின் குசினியில் ஏறிவிடும்.

"எழும்புங்க! எல்லாரும் எழும்புங்க!" என்று கத்தினான். "ளுஹர் தொழுகைக்கு நேரமாகிட்டு, கட பூட்டப் போறன். பள்ளிக்குப் போங்க!"

"பாங்கு சொல்ல இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு காக்கா!"

"முதல் சப்பு வரிசையில நிண்டா நன்ம கூட! போங்க!"

"நானா, கோயிலுக்குப் போற நானுமா பள்ளிக்கு?" என்று கேட்டான் தினுஜன்.

"நீ வெளிய நிண்டு செருப்பப் பாத்துக்க!"

சிரிப்பும் கூச்சலுமாகக் கடை காலியானது. நிஸ்தார் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினான். ஹில்மி கோப்பைத் திறந்துவிட்டிருந்தான்.

*

கட்டார்ப் படிப்பு என்றாலும் சரி, ஊர்ப் படிப்பு என்றாலும் சரி, சைபர் எங்கேயும் சைபர்தான். ஹில்மி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மேலே ஃபேன் சுற்றியது.

"எடிட்டர் இருபதுக்குக் கீழ விடாதே காக்கா."

"விடாதுதான்."

"அப்ப இது?"

"கை தவறிரிக்கும்."

"எடிட்டர மூடி, கோப்பத் துறந்து, இவ்வளவு எழுத்துக்குள்ள என்னத் தேடிப் புடிச்சிக் கை தவறிரிக்கு." ஹில்மி மெதுவாகத் தலையாட்டினான். "ஒரு பகல் போயிரிக்குமே?"

நிஸ்தார் சோற்றுக் கரியரின் மூடியைத் துடைத்தான்.

"ஒவ்வொரு ஆளும் வரக்குள்ள இது அவன்ட இலக்கத்தால எதையோ வகுத்துப் பாக்குது போல. சைபரால வகுக்கச் சொன்னா அது என்ன செய்யும்? எழும்பிப் போயிரும். நானெண்டாலும் போயிருவன்." திரையை இன்னும் கொஞ்சம் உருட்டினான். கல்முனைக்குடி அணி வந்தது. தலைவன் பேர் நிஸ்தார். துடுப்பாட்டம்: தொண்ணூற்றைந்து. "காக்கா, நீங்க எப்ப விளையாடின?"

"இஸ்கூல்ல."

"அடிச்சீங்களா?"

"ஸ்கோர் எழுதின."

ஹில்மி சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புத்தான் நிஸ்தாரின் அணையை உடைத்தது. கோபித்திருந்தால் தாங்கியிருப்பான்.

"ஓம், போட்டன்! சைபர்தான் போட்டன்! என்ன இப்ப? மாடி கட்டுறீங்க, மாபிள் போடுறீங்க. ஆரு கேட்ட? நான் ஊடு வாங்கி வந்தவன், நீங்க ஊடு குடுக்க வந்தவன், இதப் பள்ளி வாசல்ல நிண்டு சனம் கதைக்கிது. எங்களுக்குச் சூட, உங்களுக்குப் பாரக்குட்டி. கொம்பியூட்டர் எண்டா இந்த ஊர்ல என்ட பேரச் சொன்னானுகள். இப்ப என்ட மாமியே உங்கட பேரச் சொல்றா. அதெல்லாத்தயும் உடுங்க, அந்தக் கதிரயத் தூக்கி வைக்க ஏலாதா உங்களுக்கு? தூக்கி! ஒரு நாளாவது!"

சொல்லி முடித்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. சொன்னதில் பாதி தன் காதுக்கே சின்னப்பிள்ளைக் கதைபோலக் கேட்டது. ஹில்மியின் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு அவன் சொன்னான்:

"சபூறா தல சீவக்குள்ள ஒரு இடத்துல சீப்பு பட்டா வலிக்கும் எண்டுவா. என்ன எண்டு கேட்டா, 'மச்சான் புடிச்சி இழுத்த இடம்' எண்டுவா. ஒவ்வொரு நாளும் காலையில."

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நிஸ்தார் வாயால் எடுப்பதில்லை. வீடு கடலுக்குக் கிட்ட இருந்தது. தண்ணீர் வந்தபோது ஒரு கை பள்ளிவாசல் ஜன்னல் கம்பியில். மற்றக் கையில் யாருடையதோ பின்னல் அகப்பட்டது. யாருடையது என்று தண்ணீர் வடியும்வரை தெரியாது. மாமாவை, மாமியின் புருஷனை, அவனால் பிடிக்க முடியவில்லை. அவர் கைக்கு எட்டவில்லை. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"நான் அண்டைக்குக் கட்டார்ல ஏசி ரூமுக்குள்ள இருந்து ரீவியில பாத்தன்," என்றான் ஹில்மி. "மாடி கட்டினா, 'மாஷா அல்லாஹ், ஆனா மூத்த மாப்பிள இல்லாட்டி இந்த ஊட்டுக்குப் பொண்ணே இல்ல' எண்டு மாமி சொல்றாங்க. பாரக்குட்டிய எனக்கு வெச்சிட்டு, உங்கட கதையத்தான் எனக்குப் பரிமாறுறாங்க. நான் மாபிள் போட்டது ஏன் காக்கா? சபூறா ஒருக்காவது அந்தத் தரையில கால வெச்சி, என்னய நினைக்கணும் எண்டுதான். என்ட பொஞ்சாதிய உசிரோட தந்த மனிசனுக்கு மேல நான் எத்தின மாடி கட்ட?"

நிஸ்தாருக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. அது நல்ல குளிர்ச்சி என்று சொல்ல முடியாது. ஆனால் சுகமாக இருந்தது. வியாபாரி வீட்டுப் பிள்ளை அவன். தன் கடை ராக்கையில் இப்படியொரு சரக்குக் கிடப்பதையும், அதை மாடிவீட்டுக்காரன் ஆறு மாதமாக ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்ததையும் இன்றுதான் அறிந்தான். கட்டார்க்காரன் தன்மேல் பொறாமைப்படுகிறான்! அவன் உடம்பு கொஞ்சம் நிமிர்ந்தது. முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டான்.

"சரி தம்பி," என்று பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். "எத்தின வேணும், சொல்லுங்க."

"என்ன எத்தின?"

"பட்டிங்."

ஹில்மிக்கு விளங்கியது. அவனும் மருதமுனைக்காரன், சாரன் விற்கிற ஊர். "எம்பது."

"எம்பதா? முப்பது தாறன்."

"முப்பதுக்கு விக்கெட் கீப்பர்ர தம்பிகூட வரமாட்டான் காக்கா. எழுபத்தஞ்சி."

"ஊரு சிரிக்கும். நாப்பத்தஞ்சி."

"சைபருக்கு ஊரு அழுமா? எழுபத்திரெண்டு. கடைசி."

"கடைசி எண்டு ஒண்டு இல்ல. அம்பத்தஞ்சி, ஓப்பினிங்கும் தாறன்."

"ஓப்பினிங் என்ட சொந்தச் சாமான். அத எனக்கே விக்காதீங்க."

இந்த இடத்தில் நிஸ்தாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பொடியனுக்கு ஒரு சாரன் இனாமாகக் கொடுத்திருப்பார் என்று தோன்றியது. மவுசை வாங்கி எழுபது என்று போட்டான். கொஞ்சம் யோசித்து, ஒன்று கூட்டினான். எழுபத்தொன்று. வரிசையில் முதலாம் இடத்துக்கு ஏற்றினான். தன் தொண்ணூற்றைந்தைப் பார்த்தும் பாராததுபோல மூடினான். ஹில்மி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

*

பெருநாளுக்கு மறுநாள் கேம் சென்டருக்குள் காற்றுப் போகவும் இடமில்லை. ஐந்து ஊரும் வந்திருந்தன. மைதானம், விளம்பரப் பலகைகள், நிஸ்தாரின் குரல் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தன. காலையிலிருந்து ஒன்பது விக்கெட் போன மெச் மூன்று; மூன்றும் விழாமல் முடிந்தன.

அரையிறுதியில் பாண்டிருப்பும் மருதமுனையும். மருதமுனைக்கு முதலில் இறங்கியவன் திரைக்குள் இருந்த ஹில்மி. தினுஜன் போட்ட பந்தைப் பூப்பறிக்கிற மாதிரி எல்லைக்கு மேலால் சிக்ஸருக்கு அனுப்பினான். "அடிச்சான் பாரு!" என்று கொம்பியூட்டருக்குள்ளிருந்து நிஸ்தாரின் சொந்தக் குரலே கத்தியது. அதைக் கேட்டு நிஸ்தாரின் முகம் சுருங்கியது. அறுபத்தஞ்சோடு நிறுத்தியிருக்கலாம் என்று நினைத்தான்.

"நிஸ்தார் நானா, என்ன பிழை இருந்த?" என்று தினுஜன் கேட்டான், அடுத்த பந்துக்கு முன்னால். "இவ்வளவு நாளும் விழுந்தது இப்ப விழல்லையே!"

கடை முழுக்கத் திரும்பியது. நிஸ்தாரின் பக்கமல்ல, ஹில்மியின் பக்கம். வரப்போவது நிஸ்தாருக்குத் தெரியும். அவனாக இருந்தால் சொல்லியிருப்பான். சிரித்துக்கொண்டு, நடித்துக்காட்டி, கோப்பைத் திறந்து, சைபர் இருந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டிச் சொல்லியிருப்பான். இப்படியொரு கதை கையில் கிடைத்து அதைச் சந்தைக்குக் கொண்டுபோகாத மனிதனை அவன் கண்டதில்லை.

"ஒரு இலக்கம் மாறிக் கிடந்திச்சு," என்றான் ஹில்மி. "நான் பாத்து எனக்குப் புடிபடல்ல. காக்காதான் கண்டுபுடிச்ச."

"அதானே!" என்றது கடை. "நிஸ்தார் காக்காட கை எண்டா கைதான்!" யாரோ முதுகில் தட்டினார்கள். ஐந்து ஊரும் கைதட்டியது. போட்டி நடக்கிறது, பேர் நிலைத்துவிட்டது, அவன் கேட்டது அவ்வளவும் கிடைத்துவிட்டது. நிஸ்தார் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். உள்ளே பழைய இடத்தில் புதிதாக ஒன்று சுட்டது. மாடியைப் பார்த்து எரிந்ததுகூடப் பரவாயில்லை. மாடியைக் காசு இருந்தால் யாரும் கட்டலாம். வாயை இப்படி மூடிக்கொள்கிற குணத்தை இவன் எங்கே வாங்கினான்? கட்டாரிலா? அது என்ன விலை?

ஒருவனுக்கு இவ்வளவு கடன்பட்டு நிற்க முடியாது. நிஸ்தார் சனத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கு நடந்தான். கடைக்காரர் சின்னப்போடி பால்தேத்தண்ணியை உயரத்திலிருந்து ஆற்றிக்கொண்டிருந்தார்.

"போடியார், உள்ளுக்கு நிக்கிற எல்லாருக்கும் தேத்தண்ணியும் ரோல்சும் அனுப்புங்க. ஆரு கேட்டாலும் என்ட சகலன்ட பேரச் சொல்லுங்க. ஹில்மி தாறார் எண்டு."

சின்னப்போடி ஆற்றுவதை நிறுத்தினார். அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, நீங்க ரெண்டு பேரும் கதைச்சிக்கொண்டு வாறதில்லையா? உங்கட சகலன் காலையிலயே வந்து எல்லாத்துக்கும் காசு குடுத்திட்டுப் போயிட்டார். உங்கட பேர்லதான் அனுப்பச் சொன்ன."

நிஸ்தார் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு, நின்றதற்கு ஒரு காரணம் வேண்டுமென்று, தனக்கு ஒரு பிளேன்டீ சொன்னான். அது வருவதற்குள் கேம் சென்டருக்குள்ளிருந்து பெரிய இரைச்சல் எழுந்தது. சகலன் இன்னொரு சிக்ஸர் அடித்திருக்கவேண்டும்.